எழுபது சதவீதம் எப்படி முப்பது புள்ளி ஆயிற்று?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூரோவிஷன் பாடல் போட்டிக்கு ஐரோப்பிய நாடுகள் தத்தம் பாடலை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்று தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையையும், அதற்கு மறுமொழியாக ஆரணி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். நடுவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மக்கள் வாக்கை மட்டும் எண்ணினால் சண்டையே வராது என்கிறார் அவர். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தக் குற்றத்துக்காகவே சுற்றுவட்டாரத்தில் நடக்கும் பாட்டுப் போட்டி, கோலப் போட்டி எல்லாவற்றிலும் மதிப்பெண் கூட்ட அழைக்கப்படுகிறவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சண்டைக்கு வித்து பெரும்பாலும் கூட்டல் தாளில்தான் இருக்கிறது. தங்கள் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன ஸ்பெயின் நாட்டு விவகாரம் இதற்கு நல்ல சான்று.

2022 ஜனவரி 29 அன்று பெனிடோர்ம் என்ற கடற்கரை ஊரில் ஸ்பெயினின் அரசு ஒலிபரப்பு நிறுவனம் தன் நாட்டுப் பாடலைத் தேர்ந்தெடுக்கும் இறுதிச் சுற்றை நடத்தியது. பாதி மதிப்பு நடுவர் குழுவுக்கு. கால் பங்கு, நாட்டு மக்களின் சிறு மாதிரியாகப் பொறுக்கியெடுத்த ஒரு குழுவுக்கு. மீதிக் கால் பங்கு தொலைபேசியில் வாக்களிக்கும் பொதுமக்களுக்கு. கலீசியப் பகுதியைச் சேர்ந்த தான்ஷுகெய்ராஸ் என்ற மூன்று பெண்கள், நம் கஞ்சிரா போன்ற ஒரு தோற்கருவியைத் தட்டி, தங்கள் தாய்மொழியான கலீசியத்தில் பாடினார்கள். அதுவரை அந்த மொழியில் ஒரு பாடல்கூட ஸ்பெயின் சார்பாக யூரோவிஷன் மேடைக்குப் போனதில்லை. மக்கள் வாக்கில் அவர்களுக்கு விழுந்தது 70.75 சதவீதம். ரிகோபெர்த்தா பந்தீனி என்பவருக்கு 18.08. கியூபாவில் பிறந்து ஸ்பெயினில் வளர்ந்த சானெல் என்பவருக்கு 3.97. வென்றவர் சானெல்.

நடுவர்கள் மக்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் படிக்கிறவர் யாருக்கும் தோன்றும். பலகையில் இருந்த எண்களை நிதானமாகப் பார்த்தால் கதை வேறு. மக்கள் வாக்கு சதவீதமாகக் கூட்டப்படவே இல்லை. முதலிடத்துக்கு 30, இரண்டாமிடத்துக்கு 25, மூன்றாமிடத்துக்கு 20 என்று வரிசைப் புள்ளியாக மாற்றப்பட்ட பிறகே கூட்டப்பட்டது. அதனால் 70.75 என்பது 30 ஆயிற்று, 3.97 என்பது 20 ஆயிற்று. அறுபத்தாறு சதவீதத்துக்கு மேற்பட்ட இடைவெளி வெறும் பத்துப் புள்ளியாகச் சுருங்கிவிட்டது. மாதிரிக் குழுவிலும் கலீசியப் பெண்களே முதலிடம், அதாவது 30, சானெலுக்கு 25. ஆனால் நடுவர் பகுதியில் சானெலுக்கு 51, அந்தப் பெண்களுக்கு 30. ஆக மொத்தம் சானெல் 96, பந்தீனி 91, தான்ஷுகெய்ராஸ் 90. நாட்டு மக்களின் இரண்டு வாக்கெடுப்பிலும் முதலில் வந்தவர்கள் மொத்தத்தில் மூன்றாவதாக இறங்கினார்கள். கூட்டலில் பிழை ஒன்றும் இல்லை. விதியும் எழுத்தில் இருந்ததுதான். அது என்ன செய்யும் என்பதை யாரும் முன்கூட்டியே மக்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை என்பதுதான் என் குறை.

விஷயம் அந்நாட்டு நாடாளுமன்றம் வரை போயிற்று. பாவம், அந்தச் சானெல் பெண்ணைச் சமூக ஊடகங்களில் வசைபாடித் தீர்த்தார்கள். விதியை எழுதியவள் அவளா என்ன? ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் தொழில் நிமித்தம் எல்ச்சே நகருக்குப் போய்வருகிறவன். அது காலணித் தொழிலுக்குப் பெயர்போன ஊர். பெனிடோர்ம் இருக்கும் அதே மாகாணம். தோலின் தரம் பற்றிப் பேச உட்காரும் வியாபாரி ஒருவர் இன்றைக்கும் அந்த முடிவைச் சொல்லிக் குமுறுவாராம். கலீசிய மொழி அவருக்கு ஒரு சொல்லும் தெரியாதாம்.

இந்தக் கணக்கு எனக்கு உறைப்பதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், குடியாத்தம் சிரசுத் திருவிழா முடிந்த அடுத்த வாரம், பக்கத்து ஊர் ஒன்றில் பாட்டுப் போட்டி நடந்தது. நடுவர்களுக்கு 50 மதிப்பெண். கூட்டத்தினர் சீட்டில் எழுதிப் போடுவதற்கு 10. இறுதியில் மூன்று குழுக்கள். பம்பையும் உடுக்கையும் கைச்சிலம்புமாக வந்த பையன்களுக்கு 214 சீட்டு, ஒரு மெல்லிசைக் குழுவுக்கு 61, இன்னொரு குழுவுக்கு 19. சீட்டில் முதலிடத்துக்கு 10, அடுத்ததற்கு 9, அதற்கடுத்ததற்கு 8 என்று குழுவினர் சொன்னபடி நானே போட்டேன். நடுவர்கள் பம்பைக் குழுவுக்கு 36-ம், 19 சீட்டு வாங்கிய குழுவுக்கு 39-ம் கொடுத்திருந்தார்கள். 46-க்கு 47. பரிசு கைமாறிவிட்டது. ஒலிபெருக்கி அணைந்த பிறகு, பம்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே ஒரு பையன் என் மேசைக்கு வந்து, “சார், எங்களுக்கு எறநூத்திப் பதினாலு சீட்டு, அவங்களுக்குப் பத்தொம்போது. ரெண்டே ரெண்டு மார்க்குதான் வித்தியாசமா சார்?” என்று கேட்டான். விழுந்த 294 சீட்டுக்கும் அந்தப் பத்து மதிப்பெண்ணை விகிதப்படி பிரித்திருந்தால் அவனுக்கு ஏழே கால், மற்றவர்களுக்கு முக்கால்கூட வந்திராது. அவன் குழுதான் வென்றிருக்கும். விகிதமும் விழுக்காடும் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறவன் அன்றைக்கு அந்தப் பையனுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஆரணி வாசகர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. யூரோவிஷன் இறுதிப் போட்டியில் யாரும் தம் நாட்டுக்கே வாக்களிக்க முடியாது. உள்நாட்டுத் தேர்விலோ ஒவ்வொரு வட்டாரமும் தன் பிள்ளைக்கே தொலைபேசியை எடுக்கும். அந்த வேகத்தை மட்டுப்படுத்தத்தான் வரிசைப் புள்ளி முறை வந்தது என்றால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மக்கள் விருப்பம் மட்டுமே போதாது என்பதற்கு ஜெர்மனியில் 2015-ல் நடந்ததைச் சொல்லலாம். மக்கள் வாக்கில் வென்ற ஆந்திரியாஸ் கியூமெர்ட் என்ற பாடகர் நேரலையில், அதே மேடையிலேயே, தனக்கு வேண்டாம் என்று சொல்லி இரண்டாவதாக வந்தவருக்கு விட்டுக்கொடுத்தார். அந்தப் பெண் அந்த ஆண்டு யூரோவிஷன் நடந்த வியன்னாவுக்குப் போய் ஒரு புள்ளிகூட வாங்காமல் திரும்பினார். மக்களைக் கேட்காமல் ஒலிபரப்பு நிறுவனமே ஆளை முடிவுசெய்யும் வழியும் நிச்சயமில்லாததுதான். பிரிட்டனின் பிபிசி அவ்வாறு அனுப்பிய பாடகர் 2021-ல் பூஜ்ஜியம் வாங்கினார். அதே வழியில் அடுத்த ஆண்டு அனுப்பியவர் 466 புள்ளிகளோடு இரண்டாமிடம் பெற்றார்.

சானெலும் 2022 மே 14 அன்று இத்தாலியின் தூரின் நகரில் நடந்த யூரோவிஷன் இறுதிப் போட்டியில் 459 புள்ளிகளோடு மூன்றாமிடம் வந்தார். 1995-க்குப் பிறகு ஸ்பெயினுக்குக் கிடைத்த மிகச் சிறந்த இடம் அது. தேர்வு சரியென்று நிரூபணமாகிவிட்டதே என்று தங்கள் கட்டுரையாளர் முடித்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. அனுப்பாத பாடல் என்ன வாங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. புரியாத மொழி என்றால் தோற்கும் என்று சொல்வதற்கும் இல்லை: 1964-ல் முதன்முதலாகக் கலந்துகொண்டு ஒரு புள்ளியும் பெறாத போர்ச்சுகல், 2017-ல் போர்த்துகீசிய மொழியிலேயே பாடிய சால்வதோர் சோப்ராலின் பாட்டால் 758 புள்ளிகள் பெற்று முதன்முறையாக வென்றது. ஸ்பெயினின் சொந்தக் கதையே இருக்கிறது. 1968-ல் அந்நாட்டின் கட்டலோனியப் பகுதி மொழியான கட்டலானில்தான் பாடுவேன் என்ற பாடகர் ஹோவான் மனுவேல் செர்ராத்தை மாற்றிவிட்டு வேறொருவரை அனுப்பினார்கள், அவர் வென்றுவந்தார். அந்த வெற்றியைக் காட்டி அந்த மாற்றம் நியாயம் என்று இன்று யாராவது வாதிடுவார்களா?

யூரோவிஷனை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2016 முதல் நடுவர் புள்ளியையும் மக்கள் புள்ளியையும் தனித்தனியாக அறிவிக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் நடுவர்கள் எந்தப் பாட்டை எத்தனையாவது இடத்தில் வைத்தார்கள் என்பதையும் போட்டி முடிந்தபின் வெளியிடுகிறது. தங்கள் இதழ் இந்த விவகாரத்தை மீண்டும் எழுதுவதாயின், நான் மேலே கொடுத்த மூன்று பாடல்களின் புள்ளிகளை, சதவீதம் ஒரு பத்தியிலும் அது மாறிய புள்ளி அடுத்த பத்தியிலுமாக, ஒரு சிறு அட்டவணையாகப் போட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஆரணி வாசகரும் அதைப் பார்த்துவிட்டுத் தம் கருத்தை எழுதட்டும்.

வரும் வைகாசியில் எங்கள் பக்கத்துப் பாட்டுப் போட்டிக்கு என்னை மறுபடியும் கூட்டல் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். சீட்டு எத்தனை விழுந்தது, அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முதல் பாட்டு தொடங்குவதற்கு முன்பே விதியாகப் படித்துக் காட்டி, முடிந்தபின் பலகையில் எழுதிப்போடச் சம்மதித்தால் வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.