வீட்டுக்காரரோடு பந்தயம் கட்டுமுன்

கோவில்பட்டி
டிசம்பர் 2025

அன்புள்ள சுந்தர்,

உன் மடலுக்குப் பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கடையில் சரக்குக் கணக்கு, அம்மாவுக்கு மூட்டுவலி, சின்னவளுக்கு அரையாண்டுப் பரீட்சை என்று ஒன்று மாற்றி ஒன்று. மற்றபடி எல்லோரும் சுகம். பெல்ஜியத்தில் அந்தக் கெண்ட் நகரக் குளிருக்கு என்ன உடுத்துகிறாய், ஒழுங்காகச் சோறு பொங்கிச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பஜாரில் நம் சைக்கிள் கடை அண்ணாச்சி கடையை மகன் கையில் கொடுத்துவிட்டார். அவன் பாதிக் கடையை ஒதுக்கி கியர் சைக்கிளாக வாங்கி நிறுத்தியிருக்கிறான். வாங்குகிறவர்களைவிடத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஜூனில் பெல்ஜியம் தேசிய சைக்கிள் சாம்பியன்ஷிப்புக்கு, நீ வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரர் உன்னையும் கூட்டிப்போகிறேன் என்கிறார். பெல்ஜியம் வீரன் ரெம்கோ எவனெபூல்தான் ஜெயிப்பான், ஒரு பெட்டி பீர் பந்தயம் என்கிறார். யார் பெயரைச் சொல்லட்டும் என்று என்னிடம் கேட்கிறாய். ராத்திரி உட்கார்ந்து சைக்கிள் ரேஸ் பார்க்கிறேன் என்று இத்தனை வருஷம் என்னைக் கிண்டலடித்தவன் நீ. பரவாயில்லை மாப்ளே, பழசை விடு.

எவனெபூலின் பலத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எல்லோரும் ஒன்றாக ஓடுகிற ரோடு ரேஸ், ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தோடு போட்டி போடுகிற டைம் ட்ரயல் இரண்டிலும் தங்கம். உலக டைம் ட்ரயல் பட்டம் தொடர்ந்து மூன்று வருஷமாக அவனிடம்தான். ஆனால் தேசிய ரோடு ரேஸில் யார் பலசாலி என்று பார்ப்பதற்கு முன்னால், யாருக்கு எத்தனை ஆள் என்று எண்ண வேண்டும்.

மூன்று வாரம் ஓடுகிற டூர் டி பிரான்ஸில் அணிக்கு எட்டுப் பேர், எல்லோருக்கும் ஒரே கணக்கு. தேசிய சாம்பியன்ஷிப்பில் அப்படியில்லை. கம்பெனிகள் பணம் போட்டு நடத்துகிற ஒரு வணிக அணியில் அந்த நாட்டு வீரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ, ஏறக்குறைய அத்தனை பேரும் அந்த அணிச் சட்டையோடு இறங்குகிறார்கள். ஒரு அணிக்குப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், இன்னொன்றுக்கு இரண்டே பேர். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்க, சக்கரத்தை ஒட்டி வருகிறவனுக்கு உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சம் என்பது உனக்குத் தெரிந்ததுதான். இப்போது பார். பன்னிரண்டு பேர் அணி ஒருவனை முன்னால் தட்டிவிடும். அவனை விட்டால் போச்சு என்று நட்சத்திரம் எழுந்து மிதித்துப் பிடிப்பான். பிடித்து மூச்சு வாங்குவதற்குள் அதே சட்டையில் அடுத்தவன் கிளம்புவான். மற்ற அணிக்காரர்கள் உதவிக்கு வரமாட்டார்கள். ‘நீதானே பெரிய ஆள், நீயே பிடி’ என்று அவன் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். ஐந்தாறு தடவை இப்படி ஓடினால் எந்தக் காலும் தளர்ந்துவிடும். பங்காளிகள் நிறைந்த பஞ்சாயத்தில் தனியாளாக நியாயம் பேசப் போனவன் கதைதான்.

இதற்குப் பிரான்ஸை உதாரணம் காட்டினால் உன் வீட்டுக்காரரால் மறுக்க முடியாது. எஃப்.டி.ஜே. என்ற பிரெஞ்சு அணியில் எப்போதுமே பிரெஞ்சுக்காரர்கள் அதிகம். அந்த அணியிலிருந்து தேசிய ரோடு பட்டம் வாங்கியவர்களைப் பார்: 2012இல் புவானி, 2013இல் விஷோ, 2014இல் டெமார், 2016இல் மறுபடி விஷோ, 2017இல் மறுபடி டெமார், 2018இல் ரூ, 2020இல் மூன்றாவது முறையாக டெமார். ஒன்பது வருஷத்தில் ஏழு பட்டம் ஒரே அணிக்கு! நடுவில் 2015இல் மூன்றாம் தர அணியிலிருந்து வந்த ஸ்டீவன் ட்ரோனே தட்டிக்கொண்டு போனது தனிக்கதை. இரண்டு முறை உலக சாம்பியனான அலாஃபிலிப் பிரெஞ்சு ரோடு பட்டத்தை ஒரு தடவைகூட வாங்கியதில்லை. பல வருஷம் அவன் இருந்தது பெல்ஜியம் அணியான குயிக்ஸ்டெப்பில். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் கைவிரல் எண்ணிக்கைதான்.

அதே குயிக்ஸ்டெப்பிலிருந்து 2021இல் கவான்யாவும் 2022இல் செனெஷாலும் பிரெஞ்சு பட்டம் வாங்கினார்களே என்று கேட்பாய். உண்மைதான். ஊரே அலாஃபிலிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவனுக்கு வழி கிடைக்கும். ஆனால் அதை நம்பி ஒரு பெட்டி பீர் கட்டலாமா என்றால், நான் கட்டமாட்டேன்.

ஆள் கணக்கு எடுபடாத இடம் ஒன்று உண்டு: பந்தயம் மலை மேல் முடிந்தால். இதைச் சொன்னதும் எனக்கு 2020 ஸ்லோவேனியாதான் நினைவுக்கு வருகிறது. கொரோனாவால் உலகம் முழுக்கப் பந்தயங்கள் நின்று கிடந்த சமயம். ஜூன் மாதம் அந்தக் குட்டி நாடு தன் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. கெர்வாவெத்ஸ் மலைப் பக்கம் ஏற்றத்தில் முடிகிற ரோடு ரேஸில் ரோக்லிச் ஜெயித்தான். பொகாச்சர் 10 விநாடி பின்னால். ஒரு வாரம் கழித்து போக்லியுகா மேட்டுக்கு ஏறுகிற டைம் ட்ரயல். இந்தத் தடவை பொகாச்சர் முந்தினான், 9 விநாடி வித்தியாசத்தில். அப்போது உலகமே பசியோடு இருந்ததால் அந்த இரண்டு முடிவையும் எல்லோரும் படித்தோம். ஆனால் ரோக்லிச் பெரியவன், பொகாச்சர் வளரும் பையன், அவ்வளவுதான் என்று மறந்தும்விட்டோம்.

அந்தச் செப்டம்பரில் டூர் டி பிரான்ஸ். கடைசிக்கு முந்தைய நாள் வரை, மொத்த நேரத்தில் முன்னால் இருப்பவனுக்குரிய மஞ்சள் சட்டை ரோக்லிச்சிடம், பொகாச்சர் 57 விநாடி பின்னால். மிச்சம் இருந்தது 36 கிலோமீட்டர் டைம் ட்ரயல், முடிவு பிளான்ஷ் தெ பெல் ஃபீய் மலை உச்சியில். ஹெல்மெட் கோணலாகித் தலையில் உட்கார்ந்திருக்க, ரோக்லிச் ஏறி வந்த அந்தக் கோலத்தை நீ யூடியூபில் பார்த்திருப்பாய். பொகாச்சர் மொத்த டூரையும் 59 விநாடியில் வாங்கிவிட்டான். ஏற்றத்தில் முடிகிற டைம் ட்ரயலில் பையன் பெரியவனை முந்துவான் என்பதை ஜூன் மாதமே ஒரு தடவை காட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து தேசிய சாம்பியன்ஷிப் முடிவுகளை நான் ஒருவரி விடாமல் படிக்கிறேன். 2023இல் மணிக்கட்டு உடைந்து இரண்டு மாதம் கழித்துத் திரும்பிய பொகாச்சர் ஸ்லோவேனியா டைம் ட்ரயலை ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தான். ரோடு ரேஸையும் விடவில்லை.

ஆனால் பெல்ஜியத்தில் அப்படி மலை எங்கே இருக்கிறது? சின்னச் சின்ன மேடுகள், கல் பாவிய தெரு, சுற்றிச் சுற்றி வருகிற பாதை. அங்கே ஆள் கணக்குத்தான் செல்லும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: யாருக்கு அந்தச் சட்டை அதிகம் தேவை? ஜெயித்தவன் அடுத்த ஒரு வருஷம் ரோடு ரேஸ்களில் நாட்டுக் கொடி நிறச் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம். டூருக்கு முந்தின ஞாயிறு இதை வாங்கினால், ஒரு வாரத்தில் உலகமே பார்க்கும். 2014இல் நிபாலி அந்த வருஷம் ஒரு வெற்றியும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தான். ஜூன் கடைசியில் இத்தாலிப் பட்டம். அடுத்த வாரம் ஷெஃபீல்டில் மூவர்ணச் சட்டையோடு டூர் ஸ்டேஜ், அதாவது ஒரு நாள் ஓட்டத்தில், வெற்றி, அப்புறம் மொத்த டூரும். பெல்ஜியம் வீரன் வான் ஆர்ட் 2021 டூரில் வென்டூ மலையைக் கடந்து ஜெயித்தது பெல்ஜியம் சட்டையில்தான். எதிர்க்கதையும் உண்டு. 2022இல் கேவண்டிஷ் பிரிட்டன் பட்டத்தை வாங்கினான்; அந்த வருஷ டூருக்கு அவன் அணி அவனைக் கூட்டிப்போகவில்லை. எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

உலக சாம்பியனுக்கு மட்டும் கணக்கு வேறு. அவனுக்குரிய வானவில் சட்டை இருக்கும்போது தேசியச் சட்டை பெட்டியில்தான். எவனெபூல் 2023இல் இசெகெமில் பெல்ஜியம் பட்டத்தை வாங்கிய நேரம் அவன் உலக சாம்பியன். ஆகஸ்டில் அந்தப் பட்டம் கைமாறிய பிறகுதான் பெல்ஜியம் கொடியின் கறுப்பு மஞ்சள் சிவப்பைப் போட்டான். பீட்டர் சாகன் வானவில்லில் இருந்த 2016, 2017இல் ஸ்லோவாக்கியா பட்டம் அண்ணன் யுராய்க்குப் போனது. வீட்டை விட்டு வெளியே போகவில்லை பார்த்தாயா! அங்கே இன்னொரு வேடிக்கை, செக் நாட்டுக்காரர்களும் ஸ்லோவாக்கியர்களும் ஒரே பந்தயத்தில் ஓடி, இரண்டு நாட்டுக்கும் தனித்தனிச் சாம்பியன் எடுப்பார்கள்.

இப்போது உன் பந்தயத்துக்கு வா. நடப்புச் சாம்பியன் டிம் வெல்லன்ஸ். 2025இல் பென்ஷ் நகரில் தனியாகவே வந்து ஜெயித்தான், அதே சட்டையோடு ஜூலையில் கார்கசோனில் டூர் ஸ்டேஜும் வாங்கினான். அவன் அணியில் பெல்ஜியர்கள் கொஞ்சம் பேர்தான். ஆகவே என் கணக்கைப் பொய்யாக்கியவன் என்று உன் வீட்டுக்காரர் எடுத்துக்காட்டக்கூடும். முப்பத்து நான்கு வயதுக்காரன், பொகாச்சருக்காக உழைத்து உழைத்துப் பழகியவன், அவனை யாரும் பெரிதாகக் காவல் காக்கவில்லை. இனிமேல் காப்பார்கள்.

எவனெபூல் ஜனவரி முதல் ரெட் புல் அணி. பழைய அணியான குயிக்ஸ்டெப்பில் இருந்த பெல்ஜியர் பட்டாளம் இனி அவனுக்கு எதிரே நிற்கும். அந்தக் குயிக்ஸ்டெப்பில் மெர்லியே இருக்கிறான், 2019, 2022 இரண்டு முறை சாம்பியன். கூட்டமாக ஸ்பிரிண்டுக்கு, அதாவது கடைசி நேரப் பாய்ச்சலுக்கு, வந்தால் அவனைத் தாண்டுவது கஷ்டம். யாஸ்பர் பிலிப்சன் இத்தனை ஸ்டேஜ் ஜெயித்தும் பெல்ஜியம் சட்டை இன்னும் அவன் தோளில் ஏறவில்லை, அந்தப் பசி பெரிய பசி. வான் ஆர்ட்டை மனசு கேட்கிறது, ஆனால் அவனுடைய விஸ்மா அணியிலிருந்து சக பெல்ஜியன் பெனோ விலகியதும் அவனுக்குத் துணை இன்னும் மெலிந்துவிட்டது.

நான் சொல்லும் பெயர் ஆர்னோ டி லீ. 2024இல் ஏற்கெனவே ஒரு முறை வாங்கியவன். பால்பண்ணை வீட்டுப் பிள்ளை, ‘லெஷ்ரே காளை’ என்று அங்கே கூப்பிடுவார்கள். குட்டி மேடுகளைத் தாண்டி வந்த பிறகும் ஸ்பிரிண்டுக்குக் கால் மிச்சம் வைத்திருப்பான். அதைவிட முக்கியம், அவனுடைய லோட்டோ அணியும் அன்டர்மார்ஷே அணியும் 2026 முதல் ஒன்றாகின்றன. இரண்டும் பெல்ஜியம் அணிகள். ஒன்றாகச் சேர்ந்த அந்தக் கூட்டம் ஜூனில் ஒரே சட்டையில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று நீயே யோசி. பாதை எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டு முடிவு சொல். ஒரேயடியாகத் தட்டையாக இருந்தால் மெர்லியே பக்கம் மாறிக்கொள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெண்கள் பந்தயத்தையும் விடாதே. லோட்டே கோபெக்கி 2020, 2021, 2023, 2024 என்று நாலு தடவை வாங்கியவள், அதிலும் கடைசி இரண்டும் டச்சு அணியில் இருந்துகொண்டு, துணைக்குப் பெரிதாக ஆள் இல்லாமல். என் ஆள் கணக்குக்கு அடங்காத ஒரே ஆள் என்றால் அவளைத்தான் சொல்வேன். 2025இல் ஜஸ்டின் கெக்கியர் ஜெயித்தாள்.

முடிவுக்கோட்டுப் பக்கம் போய் நிற்காதே. அங்கே கூட்டம் நெரியும், ஒரு விநாடியில் எல்லாம் கடந்து போய்விடும். சுற்றுப்பாதையில் ஏதாவது ஒரு மேட்டின் நடுவில் இடம் பிடி. ஒவ்வொரு சுற்றிலும் அவர்கள் வேகம் குறைந்து உன் முன்னால் வருவார்கள். எந்த அணி எத்தனை பேரை இழந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வரலாம். பாதை விவரம் வந்ததும் எனக்கு அனுப்பு, வீட்டுக்காரரிடம் அதுவரை வாயைத் திறக்காதே. அண்ணாச்சி மகன் ஏதோ ஹெல்மெட் பிராண்டு விலை அங்கே எவ்வளவு என்று கேட்டான், பெயரைத் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
கதிர்