ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் கல்விப் பக்கத்தில், 'ஆறு முதல் ஒன்பது வரை கணிதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, பத்தாம் தரத்தில் பிடித்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி வந்திருந்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் 27 வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். அந்த வரியைக் கடந்து பக்கத்தைப் புரட்ட என்னால் முடியவில்லை.

போன மாதம் பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி கொப்பியோடு வீட்டுக்கு வந்தாள். ஓர் எண்ணோடு 5 ஐக் கூட்டினால் 2 வருகிறது, அந்த எண் எது? 3 என்று எழுதியிருந்தாள். "கூட்டிப் பார் மகள்" என்றேன். 8 வந்தது. அழித்துவிட்டு 7 என்று எழுதினாள். விறாந்தைச் சீமெந்தில் சோக்கால் எண்கோடு கீறி, 2 இல் நின்று ஐந்து காலடி பின்னால் போகச் சொன்னேன். பூச்சியத்தைத் தாண்டி, மறை 3 இல் (−3) கால் வைத்து நின்றாள். "பூச்சியத்துக்கு அங்காலயும் எண் இருக்கா சேர்?" என்று கேட்டாள்.

எண்கோடு ஆறாம் தரத்துப் பாடம். திசைகொண்ட எண்கள், அதாவது நேர், மறை எண்கள், ஏழாம் தரம். அந்த இரண்டு வருடமும் அவள் வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லையாம், வேறு பாட ஆசிரியர் வந்து கணக்கைப் பலகையில் எழுதிவிட்டுப் போவாராம். படுவான்கரைக்கு வரும் கணித ஆசிரியர் அடுத்த இடமாற்றத்தில் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குப் போய்விடுவது தங்களுக்குத் தெரியாததல்ல. திசைகொண்ட எண்ணும் காரணியும் தெரியாத பிள்ளைக்குப் பத்தாம் தரத்தில் இருபடிச் சமன்பாட்டை எங்கே பிடித்துத் தருவது? பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் கட்டாய பாடம் என்பதையாவது அந்தக் கட்டுரையாளர் நினைத்திருக்கலாம்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி 50,000 ரூபா கடனுக்குக் கையெழுத்துப் போட இருந்தா. 'வட்டி இரண்டு வீதம்தான்' என்று சொல்லியிருந்தார்கள். எட்டாம் தரத்தில் படிக்கும் மகன் பத்திரத்தை வாங்கிப் பார்த்து, இரண்டு வீதம் மாதத்துக்கு, அப்படியென்றால் வருடத்துக்கு 24 வீதம், 12,000 ரூபா என்று கொப்பி மட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினான். தாய் கையெழுத்துப் போடவில்லை. சதவீதம் ஏழாம் தரத்தில் தொடங்குகிற பாடம், ஐயா.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு ஒரு முழுப் பக்கம், சாதாரண தரத்துக்கு அரைப் பக்கம் தருகிறீர்கள். நடுவில் நான்கு வருடம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மூலைகூட இல்லை. போன வருடம் ஒரு மாதிரி விடையில் சயக் குறி (கழித்தல் குறி) அச்சில் விடுபட்டு, 3 சய 8 இன் விடை வெறும் 5 என்று வந்தது. ரியூசனில் இரண்டு பிள்ளைகள் தங்கள் பத்திரிகையைக் காட்டி, நான் சொன்னது பிழை என்றார்கள். உடனே கடிதம் எழுதினேன். திருத்தம் வரவில்லை. மறுபடியும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. 1990களிலிருந்து தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கி வாசிக்கிறவனுக்கு இரண்டு வரி எழுத நேரமில்லாமல் போனதே என்பது மனத்தில் கிடக்கிறது.

வாரத்துக்குக் கால் பக்கம் தாருங்கள். ஆறு முதல் ஒன்பது வரை ஒவ்வொரு தரத்துக்கும் ஐந்து கணக்கு. நானே எழுதி அனுப்புகிறேன், சல்லி வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் சயக் குறியைச் சரிபார்க்க ஒருமுறை எனக்குக் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மண்டூர்.