டப்பாவின் பின்பக்கம்

ஐயா,

பெயின்ட் அடிப்பது என் தொழில். டப்பாவின் முன்பக்கம் 'பூஞ்சை எதிர்ப்பு' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் 'பூச்சுப் படலத்தை மட்டும் காக்கும்'. அதாவது பாதுகாப்பு பெயின்டுக்கு, குடியிருப்பவருக்கு அல்ல!

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதியும் இப்படித்தான் பிரிக்கிறது: பதிவுபெற்ற கிருமிக்கொல்லி மருந்தைப் பொருளைக் காக்க மட்டும் சேர்த்தால் அந்தப் பொருளுக்குத் தனிப் பதிவு வேண்டாம், நோய்க்கிருமியைக் கொல்லும் என்று விளம்பரப்படுத்தினால் பதிவு கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 528/2012 விதியோ, கிருமி எதிர்ப்பு என்று சொல்லி விற்றால் சேர்த்த மருந்தின் பெயரையும் லேபிளில் போடச் சொல்கிறது.

எனக்கு வேண்டியது அந்தப் பெயர்தான். பெயின்ட் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஐசோதையசோலினோன் வகை மருந்துகள் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். கை அரிக்கிறவனுக்குத்தானே அந்த அருமை தெரியும். நீர்க்கசிவை அடைக்காவிட்டால் பூஞ்சை திரும்ப வரும் என்பதையும் முன்பக்கத்திலேயே அச்சிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு பெயின்டர்