டிசி வாங்க விடாமல் தடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், எல்லோருக்கும் வணக்கம்.

போன வருடம் "டிசி வாங்கிட்டுப் போயிடுங்க" என்று சொல்லப்பட்ட எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்போது அரையாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பந்தலூர் வட்டத்தில் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும், பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்தும் வருகிற பிள்ளைகள். இதற்குக் காரணமானவர்களை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்த எங்களுக்கு வசதி இல்லை. கூப்பிட்டாலும் பாதிப் பேர் வரமாட்டார்கள். அதனால் இந்த மடல். பிள்ளைகளின் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் யார் பெயரும் போடவில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்குத் தங்களைத்தான் சொல்கிறோம் என்று புரியும்.

என்ன நடந்தது என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 16-ஆம் பிரிவில் சொல்கிறது. ஐந்திலும் எட்டிலும் ஃபெயில் போடலாம் என்று 2019-இல் திருத்தம் வந்தபோதும் அந்த வரியைத் தொடவில்லை. அதனால் யாரும் யாரையும் வெளியேற்றுவதில்லை. அம்மாவை வரச் சொல்வார்கள். கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு, ஒரு நாள் கூலி போச்சே என்ற கவலையோடு அவர் வந்து நிற்பார். "வேற ஸ்கூல்ல சேர்த்தா நல்லா படிப்பான்மா" என்று தன்மையாகத்தான் பேசுவார்கள். ஒரு வெள்ளைத்தாள், 'சொந்தக் காரணங்களுக்காக' என்று ஒரு வரி, கீழே கையெழுத்து, இல்லாவிட்டால் கைநாட்டு. அவ்வளவுதான். பதிவேட்டைப் பார்க்கிறவர்களுக்கு, குடும்பமே கேட்டு வாங்கிக்கொண்டு போனதாகத்தான் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் இன்னும் மோசம். அங்கே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது, அடுத்த வருடம் பொதுத்தேர்வு. நூறு சதவீதத் தேர்ச்சி என்று ஃபிளெக்ஸ் வைக்கிறார்களே, ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு வரை வந்தார்கள் என்றும் அதிலேயே போட்டால் நன்றாக இருக்கும்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற அந்தத் தலைமையாசிரியருக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதே எங்களில் பலருக்கு ஐயா சொல்லித்தான் தெரியும். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். "எந்தத் தாளா இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டு வாங்க, படிச்சுட்டுப் போடலாம்" என்று அவர் ஒவ்வொரு லைனாக வந்து சொன்னார். நாங்கள் இந்த வருடம் கடைப்பிடித்த ஒரே உபாயம் அதுதான். தாளை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று ஓர் அம்மா சொன்னதுமே, பல நேரம் தாளே மேசைக்குள் போய்விட்டது.

அடுத்து, எட்டாம் வகுப்பு டீச்சர். ஒரு பையன் இன்னொரு பையனை அடித்து உதடு கிழிந்துவிட்டது. ஒரு வாரம் வராதே என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாரம் எப்படி நீளும் என்று எங்களுக்குத் தெரியும். இரண்டாவது வாரம் அவனுக்கே கூச்சமாகிவிடும், மூன்றாவது வாரம் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுவான். டீச்சர் மறுநாள் சாயங்காலமே அவன் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். அடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். அவனுடைய இனத்தின் பேரைச் சொல்லி, நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, பெஞ்சிலிருந்து தள்ளியிருக்கிறார்கள். அதுவும் அன்றைக்கு மட்டும் இல்லை, பள்ளி திறந்ததிலிருந்தே. அடித்தது சரி என்று டீச்சர் சொல்லவில்லை. அவனை மன்னிப்புக் கேட்க வைத்தார், மற்றவர்களையும் கேட்க வைத்தார், இரண்டு வீட்டுக்காரர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசினார். அந்தப் பேச்சு சுலபமாக இல்லை. ஒரு அப்பா கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். பையன் இப்போது வகுப்பில் இருக்கிறான். ரொம்ப நல்ல பிள்ளையாக மாறிவிட்டான் என்றெல்லாம் சொல்ல மாட்டோம். வாய் ஜாஸ்திதான். டீச்சர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று அவன் அம்மாவுக்குத் தெரியவில்லை. எங்களை எழுதச் சொன்னார்.

வழியில் யானை நின்றால் காலையிலேயே போன் அடிக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும், அந்த நாட்களில் காசு வாங்காமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோன ஜீப் அண்ணனுக்கும், ஸ்டாப்பில் இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்கும் கண்டக்டருக்கும் நன்றி. மழைக்காலத்தில் கலெக்டர் விடும் லீவு போக மிச்சமிருக்கும் நாட்களையாவது இவர்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும் ஒரு தம்பிக்கும் சொல்ல வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் அங்கேதான் வாங்க வேண்டும். அது இல்லாமல் உதவித்தொகைக்குக் கஷ்டம், விடுதிக்கும் கஷ்டம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை தடவை வந்து போவார்கள்? அவர் எங்கள் விண்ணப்பங்களையெல்லாம் சேர்த்து வாங்கி, எதில் என்ன குறை என்று ஒரே தடவையில் எழுதிக் கொடுத்தார். இது தன் வேலைதானே என்றார். ஆமாம், அவர் வேலைதான். ஆனாலும் நன்றி.

பணியர் குடியிருப்பிலேயே பிளஸ் டூ முடித்த ஒரு பெண், பள்ளி விட்ட பிறகு குடியிருப்பிலேயே பாடம் சொல்லும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி 2021-இல் தொடங்கியபோது தன்னார்வலராக வந்தவர். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் பக்கம் மையம் நின்ற பிறகும் அவர் சாயங்கால வகுப்பை நிறுத்தவில்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் வாயே திறப்பதில்லை, மந்தம் என்று எழுதிவிடலாமா என்று பேச்சு வந்தபோது, அவர்கள் வீட்டில் பேசுவது பணிய மொழி, தமிழே புதுசு என்று வகுப்பில் வந்து விளக்கினார். பாடத்தை அந்த மொழியில் சொல்லிக் காட்டினார். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். அதைப் பார்த்த பிறகு மந்தம் என்ற பேச்சு எழவில்லை.

காலை உணவு ஐந்தாம் வகுப்போடு சரி. பசியோடு வரும் ஆறாம் வகுப்புக்காரர்களைச் சமையல் அக்கா எப்படிக் கவனித்துக்கொள்கிறார் என்பதை இங்கே எழுதினால் அவருக்குப் பிரச்சினை வரலாம். அக்கா, நன்றி.

நோட்டுப் புத்தகம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களுக்கும் நன்றி. நோட்டு உதவியாக இருந்தது. போட்டோவில் பிள்ளைகள் முகத்தை மறைத்துப் போட்டிருக்கலாம்.

இப்போதைய தலைமையாசிரியருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். ஆரம்பத்தில் எங்களோடு சண்டைதான். ஆனால் ஒருவர் பெயரை நீக்குவதற்கு முன் குழுவில் பேசிவிடலாம் என்று ஒத்துக்கொண்டு, இன்றுவரை அந்த வார்த்தையைக் காப்பாற்றி வருகிறார். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளை எங்களால் நிறுத்த முடியவில்லை. குடும்பத்தோடு கர்நாடகாவுக்கு இஞ்சி வேலைக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியரே சொல்லியிருக்கிறார்.

காப்பிப் பறிப்பு ஆரம்பித்துவிட்டது, அடுத்து மிளகு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நின்றுவிடுவது இந்த மாதங்களில்தான். மேல் லைனில் இரண்டு பாட்டிகள் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கீழ்க் குடியிருப்புக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. காலை எட்டிலிருந்து நாலரை வரை இருக்கக்கூடிய யாராவது அந்தப் பக்கம் இருந்தால், பள்ளிக்கு எதிரே உள்ள டீக்கடையில் சொல்லி வையுங்கள், நாங்களே வந்து பார்க்கிறோம்.

நன்றியுடன்,
பெற்றோர் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
பந்தலூர் வட்டம், நீலகிரி.