ஊத்தங்கரைக்காரிக்கு

அன்புள்ள குள்ளச்சிக்கு,

நாங்கள் நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகுதான் பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். மழை பரவாயில்லை, கேழ்வரகு விதைத்தாயிற்று. பெரியவன் தர்மபுரியில் ஐடிஐ சேர்ந்துவிட்டான். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது சொல்லப்போகிறதைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசியே முடித்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மேட்டு வீட்டு அக்கா ஓசூருக்கே போகிறார்கள், மகன் வீட்டோடு. பன்னிரண்டு வருஷம் அவர்கள்தான் நம் மகளிர் குழுவுக்கு அனிமேட்டர், முன்னால் நின்று நடத்துகிற பொறுப்பு. பொறுப்பைச் சுழற்சியில் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வார்கள், நாங்கள் தலையாட்டிவிட்டு வருவோம். இப்போது பதினாறு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். "தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், பேரேடு எல்லாம் நீதானே எழுதற, நீயே இருந்துடு" என்கிறார்கள். அக்காவும் அதையேதான் சொல்கிறார்கள்.

நான் மாட்டேன் என்று சொன்னால் பயந்துவிட்டாள் என்பார்கள். பயம்தானா என்று எனக்கே தெரிய வேண்டும் இல்லையா? ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் இதைத்தான் யோசிக்கிறேன்.

போன வருஷம் அக்கா முட்டி ஆபரேஷனுக்குப் போனபோது மூன்று மாதம் நான்தான் குழுவை நடத்தினேன். சேமிப்பு ஒரு வாரம்கூடத் தவறவில்லை, கணக்கில் ஒரு ரூபாய் இடிக்கவில்லை. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை கையில் இருந்தது இருபதாயிரம். மாரியம்மன் கோயில் திண்ணையில் ரெண்டு பேர் கேட்டார்கள். ஒருத்திக்கு மகள் காலேஜ் ஃபீஸ், இன்னொருத்திக்கு மோட்டார் காயில் எரிந்து கிணற்றுத் தண்ணி நின்றுபோச்சு. ஆளுக்கு இருபதாயிரம் தேவை. அக்கா இருந்தால் அரை மணி நேரத்தில் எல்லோரையும் பேசவைத்து, "இந்த முறை இவளுக்கு, அடுத்த முறை உனக்கு" என்று முடித்து, முறைக்கிறவளிடம் ஒரு வெற்றிலையை நீட்டிவிட்டு எழுந்து போவார்கள். நான் ரெண்டு வீட்டுக்கும் தனித்தனியாக நடந்தேன். ராத்திரியெல்லாம் புரண்டேன். கடைசியில் ஆளுக்குப் பத்தாயிரம் கொடுத்தேன்.

ஃபீஸும் கட்டி முடியவில்லை, மோட்டாரும் ஓடவில்லை. மீதிக்கு ரெண்டு பேரும் வெளியே வட்டிக்கு வாங்கினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. நியாயமாக நடந்ததாகத்தான் நினைத்தேன். யாருடைய கோபத்தையும் வாங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை, அதற்கு அவர்கள் வட்டி கட்டினார்கள்.

அப்படியென்றால் பின்னால் இருப்பதுதான் எனக்கு வரும் என்று சொல்லிவிடலாமா? அதிலும் ஒரு முள் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி மூன்று தவணை கட்டாமல் விட்டாள். பேரேடு என் கையில், எனக்கு முதல் தவணையிலேயே தெரியும். அக்காவுக்கு நெருங்கிய சொந்தம் என்று வாயை மூடிக்கொண்டேன். குழுவுக்குத் தரம் பார்க்க வந்தபோது மார்க் குறைந்து, பேங்க் கடன் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அக்காவுக்குத் துணையாக இருந்ததாகவா சொல்வாய் அதை? அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

நம் அம்மாக்களை நினைத்துப் பார்க்கிறேன். தமிழ்நாட்டிலேயே மகளிர் குழு முதலில் நம் தர்மபுரி மாவட்டத்தில்தானே 1989-ல் ஐஃபாட் என்கிற ஐ.நா. நிதி அமைப்பின் உதவியோடு தொடங்கியது. கொஞ்ச நாளில் நம் ஊருக்கும் வந்தது. அப்போது உன் ஊத்தங்கரையும் இதே மாவட்டம், 2004-ல் பிரிந்து நீ வேற மாவட்டத்துக்காரி ஆகிவிட்டாய், அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. உங்கம்மாவுக்குக் கையெழுத்தைத் தவிர ஒரு எழுத்து எழுத வராது. எங்கம்மாவுக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. ஆனால் உங்கம்மா பேங்கில் பேசும்போது எங்கம்மா பக்கத்திலேயே நிற்பார்கள், நினைவிருக்கிறதா? உங்கம்மா தொகையைத் தப்பாகச் சொன்னால் மேனேஜர் எதிரிலேயே சேலையைப் பிடித்து இழுப்பார்கள். உங்கம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, திருத்திச் சொல்வார்கள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எங்கம்மாவின் எழுத்து எனக்கு வந்தது. அந்த இழுக்கிற கை வரவில்லை.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு மருமகப் பெண் இருக்கிறாள். இருபத்தாறு வயது, பி.காம். அன்றைக்குத் திண்ணையில் அவள் ஒருத்திதான் கேட்டாள்: "அக்கா, பாதி பாதி குடுத்தா ரெண்டு பேருக்கும் கடன்தானே மிச்சம்?" அவள் சொன்னதைத் தீர்மானத்தில் நான் எழுதவே இல்லை. வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை என்று பெரியவர்கள் அவளை ஏற்கமாட்டார்கள். அனிமேட்டர் பொறுப்புக்கு அவள் பெயரை நானே முன்மொழியலாம் என்றிருக்கிறேன். அனிமேட்டருக்கு அடுத்த பொறுப்பான முதல் பிரதிநிதியாக நான் அவள் பக்கத்தில் உட்காருவேன். ஆனால் ஒரு கட்டுப்பாடு: யாருடைய தவணை ரெண்டு வாரம் தவறினாலும், அவள் மாமியாருடையதாகவே இருந்தாலும், கூட்டத்தில் எழுந்து நானே வாசிப்பேன். பத்தாயிரம் கொடுத்தது என் தப்பு என்பதையும் அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன்.

ஒரே ஒரு சந்தேகம்தான் அறுக்கிறது. இது அவளுக்குப் பொருந்தும் என்றுதான் சொல்கிறேனா, இல்லை என் சுமையை ஒரு சின்னப் பெண் தலையில் ஏற்றுகிறேனா? வாலிபால் டீமுக்கு நீ கேப்டனாக இருந்த ரெண்டு வருஷமும் என்னைப் பார்த்தவள் நீ. எனக்கு ஆறுதலாக இருக்கும் பதிலை எழுதாதே, தோன்றுவதை எழுது.

வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் கூட்டம். முடிந்தால் முதல் நாளே வந்துவிடு, உங்கம்மா உட்கார்ந்த திண்ணைதான். வரும்போது உன் வீட்டுப் புளி ரெண்டு கிலோ கொண்டுவா, போன முறை மறந்துவிட்டாய்.

அன்புடன்,
உன் நெட்டை