திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு,

குன்னூர் மலைச்சரிவில் உள்ள நம் மாரியம்மன் கோயில் திருப்பணி நிறைவுற்று, பங்குனியில் குடமுழுக்கும் நடந்தேறியது. தரைக்குக் கல் பதித்தது, மடப்பள்ளிக் கூரை, மின் இணைப்பு எல்லாம் குறித்த காலத்தில் முடிந்தன.

கேள்விகள் விமானச் சுதை வேலை, அதாவது கருவறை மேல் கோபுரத்தின் சுண்ணாம்புச் சிற்ப வேலை பற்றியே வந்துள்ளன. பாதியில் போன ஸ்தபதிக்குக் கூடுதல் முன்பணம் ஏன், அவருடைய ஆட்களுக்குக் கம்பளியும் சாப்பாடும் கோயில் கணக்கில் ஏன் என்கிறார்கள்.

2009 நவம்பர் மண்சரிவைக் கண்ட ஊருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையை விளக்க வேண்டியதில்லை. மணலும் சுண்ணாம்பும் மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். வந்தாலும் இந்த ஈரத்தில் சுண்ணாம்புக் காரை இறுகாது. ஈரத்தின் மேல் பூசினால் உரிந்துவிடும். ஸ்தபதி இதைச் சொன்னபோது சாக்குப்போக்கு என்றார்கள் சிலர். கூட்டத்தில் அவரை நிற்க வைத்துக் கேட்ட கேள்விகள் கோயில் வாசலில் கேட்கத் தக்கவை அல்ல. மறுநாளே ஆட்களோடு மலையிறங்கிவிட்டார்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொன்னவர்கள் உண்டு. கமிட்டி மறுத்தது. பொருளாளர் அவர் ஊருக்கே போனார். பணப் பேச்சை எடுக்காமல், ஆட்கள் இங்கே எங்கே படுத்தார்கள் என்று விசாரித்தார். தகரக் கொட்டகையில், நனைந்த சாக்கின் மேல். ஒரு சிற்பி கையை நீட்டினார்: சுண்ணாம்பு அரித்த வெடிப்புகளில் ரத்தம் கசிந்திருந்தது, காலைக் குளிரில் கரணை பிடிக்க விரல் மடங்கவில்லையாம்.

அதன் பிறகே சமுதாயக் கூடத்தில் அறை, கம்பளி, இரவில் சுடுசோறு என்று பேசி முடித்தோம். தை பிறந்து வெயில் வந்ததும் சாரம் ஏறினார்கள். ஒருவர் பாதியில் விட்ட சுதையில் இன்னொரு ஸ்தபதி எளிதில் கை வைப்பாரா? வழக்குப் போட்டிருந்தால் அம்மன் இன்றும் பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னிதியில்தான் இருப்பாள். அந்தக் கம்பளிச் செலவை எந்தத் தணிக்கையிலும் தலைநிமிர்ந்து காட்டுவோம்.

ஒருநாள் கூலியைத் தந்த தோட்டத் தொழிலாளர்கள், மார்க்கெட் காய்கறி வியாபாரிகள், ஜீப் ஓட்டுநர்கள், கேரட் விவசாயிகள், திருப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், சிற்பிகளுக்குத் தினமும் சமைத்துப் போட்ட தாய்மார்கள் ஆகியோருக்கு நன்றி. பெயர்கள் கல்வெட்டில் உள்ளன.

மதிலின் வடபுறச் சுதை மீதமுள்ளது. அதையும் இதே ஸ்தபதியிடம் தர முடிவாகியுள்ளது. ஆட்சேபம் இருந்தால் பௌர்ணமிக் கூட்டத்தில், அவர் முன்னிலையில், மரியாதையாகச் சொல்லலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டிச் செயலாளர்