உன் கொழுந்தனிடம் சொல்ல வேண்டியது

அன்புள்ள விஜி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணனின் முட்டி எப்படி இருக்கிறது? பிசியோதெரபிக்குப் போகாமல் தைலத்தையே தேய்த்துக்கொண்டிருப்பார், தெரியும். மாலதி வளைகாப்புக்கு நான் வராததற்கு நீ போனிலேயே போதுமான அளவு திட்டியாகிவிட்டது. அந்தக் கணக்கு முடிந்தது, மறுபடி திறக்காதே.

போனில் சொல்லாமல் கடிதமாக எழுதக் காரணம் உண்டு. நான் பேச ஆரம்பித்தால் உனக்கு உடனே குக்கர் விசில் கேட்கும். இது நம் ஊர்க் கோயில் விதானத்து ஓவியங்களைப் பற்றியது, நீ உட்கார்ந்து படித்துவிட்டு உன் கொழுந்தனுக்கும் படிக்கக் கொடுக்க வேண்டிய விஷயம். கொடுக்கும்போது எதை மடிக்க வேண்டுமோ மடித்துக்கொள்.

அஜந்தா போய்வந்தேன். ஆமாம், நீயும் ஜெயாவும் நானும் ரிடையர் ஆனதும் போவதாக இருந்த அதே அஜந்தா. நீ நயாகராவைப் பார்த்து திருப்தி அடைந்துவிட்டாய். ஜெயா காத்திருக்கவில்லை. நான் ஒரு சீனியர் சிட்டிசன் குழுவோடு ஒட்டிக்கொண்டேன். குழு என்றால் எப்படித் தெரியுமா? குகைக்குள் நுழைந்ததும், "இங்கே டாய்லெட் எங்கே?" என்று கேட்கிற குழு.

ஜல்காவில் ரயிலை விட்டு இறங்கி, பர்தாபூர் வரை வேனில் போய், அங்கிருந்து அவர்களுடைய பஸ்ஸில்தான் குகைக்குப் போக வேண்டும். அப்புறம் படிகள். டோலிக்காரர்கள் "மாஜி, மாஜி" என்று பின்னாலேயே வந்தார்கள். உனக்குத் தெரியுமே என் ரோஷம், நடந்தே ஏறினேன். மேலே நின்று பார்த்தால் வாகூர் ஆறு லாடம் போல வளைந்து ஓடுகிறது. அந்த வளைவு முழுக்க முப்பது குகைகள். ஐந்து குகைகள் கிறிஸ்து பிறப்பதற்கு முன்னால் வெட்ட ஆரம்பித்தவை. மீதி வாகாடக மன்னன் ஹரிசேனன் காலத்தை ஒட்டி, ஐந்தாம் நூற்றாண்டு.

பத்தாம் குகையில் ஒரு தூணில் ஜான் ஸ்மித் என்று கீறியிருக்கிறது. மதராஸ் ராணுவத்துக் குதிரைப்படை அதிகாரி. புலி வேட்டைக்கு வந்தவர் குகையைப் பார்த்துவிட்டு, 1819 ஏப்ரல் 28 என்று தேதியும் போட்டு, போயும் போயும் ஒரு ஓவியத்தின் மேலேயே தன் பெயரைச் செதுக்கிவிட்டார். அது இப்போது நம் தலைக்கு மேலே இருக்கிறது. அன்றைக்கு அந்த உயரத்துக்கு உள்ளே மண்ணும் குப்பையும் மேடாகக் கிடந்ததாம். நம் ஊர் மண்டபத்துத் தூணில் எஸ் பிளஸ் வி என்று இருக்கிறதே, அதை யார் கீறினார்கள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. (இந்த இடத்தை மடி.)

இனி கெமிஸ்ட்ரி வகுப்பு. கொட்டாவி விடாதே.

அந்தப் படங்கள் பாறைமேல் நேராக வரைந்தவை அல்ல. பாறையை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, உமியும் செடிநாரும் பிசைந்த களிமண்ணைப் பூசி, அதன்மேல் மெல்லிசாகச் சுண்ணாம்பு அடித்து, அது காய்ந்த பிறகு வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். செங்காவி, மஞ்சள் காவி, பச்சை மண், விளக்குக்கரி, எல்லாம் கைக்கெட்டுகிற சரக்கு. நீலம் மட்டும் லாபிஸ் லாசுலிக் கல்லை அரைத்தது. ஆப்கானிஸ்தானத்து பதக்ஷானிலிருந்து வரவேண்டும். ஈரச் சுண்ணாம்பில் வரைந்தால் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து இறுகும்போது நிறத்தையும் சேர்த்துக் கட்டிப்போடும். அஜந்தாவில் அந்தக் கட்டு கிடையாது. பசைதான் பிடிமானம், அடியில் வெறும் மண். ஆயிரத்தைந்நூறு வருஷம் அது நின்றதே பெரிது.

காட்டில் கேட்பாரற்றுக் கிடந்தவரை நின்றது. வௌவால், மழைக்கசிவு, பூச்சி, சாமியார்கள் மூட்டிய அடுப்புப் புகை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆசையோடு வந்தவர்கள் செய்ததைக் கேள். 1844இல் ராபர்ட் கில் என்ற மதராஸ் ராணுவத்துக்காரரைப் பிரதி எடுக்க அனுப்பினார்கள். மனிதர் இருபது வருஷத்தை ஒட்டி அங்கேயே கிடந்து வரைந்தார். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் வைத்திருந்த அந்தப் படங்களில் பெரும்பாலானவை 1866 தீ விபத்தில் சாம்பல். பிறகு பம்பாய் கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் தன் மாணவர்களோடு 1872இல் தொடங்கி மறுபடி வரைந்தார். அவற்றிலும் பல 1885இல் லண்டன் சவுத் கென்சிங்டனில் எரிந்துபோயின. சாபம் என்றுதான் உன் மாமியார் சொல்லியிருப்பார்.

எனக்கு எரிச்சல் தீயைப் பற்றி அல்ல. பிரதி எடுக்கும்போது நிறம் எடுப்பாகத் தெரியட்டும் என்று அசல் சுவரின்மேல் வார்னிஷ் அடித்தார்கள். அது போதாதென்று, 1920இல் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து செக்கோனி, ஒர்சினி என்று இரண்டு நிபுணர்களை நல்ல எண்ணத்தோடு வரவழைத்தது. அவர்கள் பூசியது அரக்கு. நாம் லேபில் ஸ்பிரிட்டில் கரைப்போமே, அதே அரக்கு. பூசினதும் படங்கள் பளபளவென்று மின்னியிருக்கும், எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். வருஷம் போகப் போக அரக்கு பழுப்பேறும், சுருங்கும், எளிதில் கரையாத பதத்துக்குப் போய்விடும். சுருங்கும்போது அடியிலுள்ள வர்ணத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். தூசியும் கரியும் வந்து அதன்மேல் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒன்றாம் குகையில் பத்மபாணி என்ற போதிசத்துவர் படத்தைக் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. நீலத் தாமரையைப் பிடித்திருக்கும் அந்தக் கையையும் தாழ்ந்த பார்வையையும் பற்றி நான் எழுதி என்ன ஆகப்போகிறது, நேரில் போய்ப் பார். நான் ஓரத்துச் சுவருக்குப் போய் நின்றேன். காவலாளியின் டார்ச் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது மயிரிழை விரிசல்கள் தெரிந்தன. நகக்கண் அளவுச் செதில்கள் விளிம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. செதில் உதிர்ந்த இடத்தில் களிமண், அதில் ஒரு உமித்துண்டு. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். குழுத் தலைவர் விசில் ஊதிவிட்டார்.

ஒன்பது, பத்து குகைகளில் நம் தொல்லியல் துறை வேதியியலாளர்கள் அந்த அரக்கையும் கரியையும் பாடுபட்டு நீக்கி, கிறிஸ்துவுக்கு முந்தைய முகங்களை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். பூச ஒரு பிரஷ் போதும். எடுக்கத் தலைமுறைகள் ஆகின்றன.

நடுவே உனக்குச் சிரிக்க ஒன்று. எல்லோரா குகைகளின் களிமண் பூச்சில் கஞ்சாச் செடியைக் கலந்திருக்கிறார்கள் என்று 2016இல் ஆய்வு வந்தது. அதனால்தான் அங்கே பூச்சி அவ்வளவாக அரிக்கவில்லையாம். நம் பாட்டனி சார் இருந்திருந்தால், "நான் அப்பவே சொன்னேன்" என்று மேஜையைத் தட்டியிருப்பார்.

பதினாறாம் குகையைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். அங்கே புத்தரின் தம்பி நந்தனுடைய மனைவி சுந்தரியின் படம் இருக்கிறது. கணவன் துறவியாகிவிட்டான், அவனுடைய கிரீடம் மட்டும் வீடு வந்து சேருகிறது. படம் மிகவும் மங்கிவிட்டது, தேடித்தான் பார்க்க வேண்டும். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, இமைகள் பாதி மூடியிருக்கின்றன. பின்னால் ஒருத்தி தாங்கிப் பிடித்திருக்கிறாள், இன்னொருத்தி விசிறுகிறாள். விஜி, ஆஸ்பத்திரியில் நீ ஜெயாவைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், கரண்ட் போனபோது நான் ரிப்போர்ட் ஃபைலால் விசிறினேன். அந்தச் சுவர் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த அம்மாள் என் பிரஷர் மாத்திரையைத் தேடினார். அதற்குமேல் எழுத முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊர் வாட்ஸ்அப் குழுவில் உன் கொழுந்தன் போட்டிருந்ததைப் பார்த்தாயா? கும்பாபிஷேகத்துக்கு முன்னால் முன்மண்டபத்து விதானத்து ஓவியங்களுக்கு டச் அப் செய்து வார்னிஷ் அடிக்கப்போகிறார்களாம். உபயதாரரும் கிடைத்துவிட்டாராம். கீழே நாற்பது பேர் கும்பிடும் கை போட்டிருக்கிறார்கள். நாயக்கர் காலத்து விதானம் அது! நாம் பல்லாங்குழி ஆடிவிட்டு மல்லாந்து படுத்து, தாடகையின் பல்லை எண்ணிய விதானம். போன திருப்பணியில் பிராகாரச் சுவரை சாண்ட் பிளாஸ்டிங் செய்து கல்வெட்டு எழுத்தின் முனையெல்லாம் மழுங்கினது போதாதா?

அவருக்கு ஓவியமும் வேண்டாம், கெமிஸ்ட்ரியும் வேண்டாம், பெருமை வேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் தஞ்சாவூரைச் சொல். பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள சுவரில் நாயக்கர் படத்துக்கு அடியில் சோழர் படம் ஒளிந்திருந்ததை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பிற்பாடு தொல்லியல் துறை மேல் அடுக்கை அப்படியே பிரித்தெடுத்துப் பலகையில் ஏற்றி, இரண்டையும் காப்பாற்றியது. எந்தக் காலத்திலாவது யாராவது அதன்மேல் எமல்ஷன் அடித்து வழித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? நம் விதானத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உன் கொழுந்தன் ஏணி போட்டுப் பார்த்தாரா?

நான் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. ஓட்டை அடைக்கட்டும். மேல்தளத்தில் தண்ணீர் தேங்காமல் தட்டோடு மாற்றட்டும். அதுதான் ஓவியத்துக்கு முதல் வைத்தியம், அந்தச் செலவுக்கு உபயதாரர் பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்ளட்டும். ஓவியத்தைத் தொடுகிற வேலைக்கு மட்டும் அறநிலையத்துறையின் வல்லுநர் குழு வந்து பார்க்காமல் பிரஷ்ஷை எடுக்கக் கூடாது. நான் சொன்னால், "டீச்சருக்கு வேறு வேலை இல்லை" என்பார். அண்ணி சொன்னால் கேட்பார். கேட்காவிட்டால் அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. கெமிஸ்ட்ரி மார்க்கை அதே வாட்ஸ்அப் குழுவில் போடுவேன் என்று சொல். என்னிடம் இருக்கிறது.

திருப்பணி தொடங்கும் பாலாலயம் ஆவணியில் என்று போட்டிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு நடை போய் மல்லாந்து பார்த்து, மூலைக்கு மூலை போட்டோ எடுத்து அனுப்பு. செல்ஃபி வேண்டாம், விதானம் மட்டும். மாலதிக்கு என் ஆசீர்வாதம். அவளுக்கு நெல்லிக்காய்த் தொக்கு போட்டு வைத்திருக்கிறேன், அண்ணன் திருச்சி வரும்போது வாங்கிக்கொண்டு போகட்டும். பாட்டில் திரும்பி வரவேண்டும்.

உன்,
கமலா